மகாராஜாவின் மூக்குத் தீர்ப்பு

அடுப்பே இல்லாமல் இட்லி வெந்த அரண்மனை ஒன்று இருந்தது என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். அந்த அரண்மனையின் ராஜா பெயர் கனகராயர். மலையடியில் ஊற்றங்கரை என்ற சிற்றூரில் தரைக்குள்ளிருந்து வெந்நீர் கொப்பளிப்பதைப் பார்த்தார். அங்கேயே ஆழமாகத் துளை போடச் சொன்னார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அதைச் சுடுமண் குழாய் வைத்து அரண்மனைக்கே கொண்டுவந்துவிட்டார்.

அப்புறம் ராஜாவைக் கையில் பிடிக்க முடியுமா? விறகு வேண்டாம், புகை வேண்டாம். காலையில் இட்லி, மதியம் இட்லி, பசிக்காவிட்டாலும் இட்லி. விடிந்தது முதல் பொழுது சாயும் வரை வெந்நீர்க் குளியல். கண் சிவந்து நீர் வழிந்தது. அது ஆனந்தக் கண்ணீர் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஊற்றங்கரைக்காரர்கள் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. துளையைச் சுற்றிக் கசிந்த ஆவி பட்டு, பள்ளத்தில் மேய்ந்த ஆடுகள் சுருண்டு விழுந்தன. பிள்ளைகள் இருமி இருமித் தூக்கம் கெட்டார்கள். ஊர் சார்பில் பேச்சி என்பவள் வந்து முறையிட்டாள். ஆராய்ந்து வரும்படி அரண்மனை வைத்தியர் நாகப்பண்டிதரை ராஜா அனுப்பினார்.

பண்டிதர் ஆராய்ந்த லட்சணத்தைக் கேளுங்கள். காற்று நன்றாக வீசி ஆவியைக் கலைத்துவிடுகிற உச்சிப்பொழுதில் போனார். வெற்றிலையை மென்றுகொண்டே, நாற்றம் அடிக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆரம்பத்தில் அழுகின முட்டை மாதிரி குடலைப் புரட்டியது சாமி, இப்போது தெரிவதில்லை, ஆனால் இந்த இருமல்தான் என்று ஊர்க்காரர்கள் இழுத்தார்கள். இருமலைக் கேட்க அவருக்கு ஏது நேரம்? நாற்றமே நின்றுவிட்டது, இனி ஆபத்தில்லை என்று ராஜாவிடம் வந்து சொல்லிவிட்டார்.

ராஜாவும் தன் பங்குக்குத் துளைக்குப் பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் நாறவில்லை. நாறாத ஆவியால் என்ன கெடுதல் வந்துவிடும் என்று, ஊர் நடுவிலேயே இரண்டாவது துளை போட உத்தரவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் கோலப்பன் வந்து சேர்ந்தான். சபையில் புத்திக்கும் குறும்புக்கும் பேர்போனவன். ராணி வடிவாம்பாள் பிரசவத்துக்குத் தாய்வீடு போய் ஆண் குழந்தை பெற்றிருந்தார். அங்கே சீர் கொண்டுபோனவன் இப்போதுதான் திரும்புகிறான். கோட்டை வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டான். அழுகின முட்டை நாற்றம் ஆளைத் தூக்கியது. காவலாளிகளோ சந்தனக் காட்டில் நிற்பதுபோல் நின்றார்கள். வாசலில் அழுதுகொண்டு நின்ற பேச்சி நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள்.

நேரே சபைக்குப் போய்த் துளையை மூடச் சொன்னான். ராஜாவுக்கு வந்ததே கோபம்.

"இந்த அரண்மனையில் இத்தனை மூக்கு இருக்கிறது. ஒன்றாவது குறை சொல்கிறதா? என் மூக்கு சொல்வதுதான் தீர்ப்பு. அது தப்பென்று காட்டு, துளையை மூடுகிறேன். முடியாவிட்டால் உன் பெண்டாட்டி பிள்ளையோடு ஊற்றங்கரைக்கே குடிபோ."

நாளை ராணி குழந்தையோடு வருகிறார், அதுவரை அவகாசம் கொடுங்கள் என்று கோலப்பன் கேட்டான். சரி என்றார் ராஜா.

மறுநாள் காலை கோலப்பன் பட்டுத்துணி மூடிய கிண்ணத்தோடு வந்தான். ராணியை வரவேற்க வடதேசத்து அத்தர் என்றான். ராஜா அள்ளி மார்பில் பூசினார், மீசையில் தடவினார், மேலே போட்டிருந்த பொன்னாடையிலும் தெளித்துக்கொண்டார். தாழம்பூ மணம் என்றார். பண்டிதர் சும்மா இருப்பாரா? மகிழம்பூவும் கலந்திருக்கிறது என்று தலையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். அப்புறம் சபையே வரிசையில் நின்றது.

பல்லக்கு வந்தது. சபை வாசலுக்கு வந்ததும் தூக்கிகள் அதைக் கீழே வைத்துவிட்டு ஓடியே போனார்கள். ராணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இறங்கினார். ராஜா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, என் சிங்கக்குட்டி என்று ஓடினார். சிங்கக்குட்டி வீலென்று அலறி, கக்கி, முகம் நீலம் பாரித்துவிட்டது. ராணி பின்னால் நகர்ந்தார்.

"கிட்ட வராதீர்கள். இந்த நாற்றம் போகிறவரை என் பிள்ளை எங்கள் அம்மா வீட்டில்தான் வளரும்" என்று சொல்லி, ஓடிய தூக்கிகளைக் கூப்பிட்டுப் பல்லக்கில் ஏறிவிட்டார்.

ராஜா வெறுங்கையோடு நின்றார். பெற்ற பிள்ளையை ஒரு தரம் தொடக்கூட முடியவில்லை. கிண்ணத்தில் என்னடா கொண்டுவந்தாய் என்று கோலப்பன்மேல் பாய்ந்தார்.

"அழுகின முட்டை, மகாராஜா. கடைவீதியில் வெறும் தராசைத் தூக்கி, சரியாக நிற்கிறது என்று காட்டிய பிறகுதான் எடை போட வேண்டும் என்பது தங்கள் சட்டம். அதுபோலத் தீர்ப்புச் சொல்லும் மூக்கை நான் தூக்கிப் பார்த்தேன். ஆவியின் நாற்றமும் இதே நாற்றம்தான். அது நிற்கவில்லை, இங்கே இருப்பவர்கள் மூக்குதான் மரத்துவிட்டது. இளவரசருக்கு ஓடிப்போக அம்மாச்சி வீடு இருக்கிறது. ஊற்றங்கரைப் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்?"

ராஜாவின் கண்ணில் நீர் வந்தது. இந்த முறை அதை ஆனந்தக் கண்ணீர் என்று அவர் சொல்லவில்லை. இரண்டாவது துளை கிடையாது, முதல் துளையையும் இன்றே அடைத்துவிடுங்கள் என்றார். இனி மலையில் எங்கே துளை போடுவதானாலும் வெளியூர் வைத்தியர்கள் வந்து விடியற்காலையிலும் மாலையிலும் காற்றையும் கிணற்றையும் பார்க்க வேண்டும், ஊராரின் இருமலையும் கேட்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஊற்றங்கரைப் பிள்ளைகளுக்கு அரண்மனைச் செலவில் மருந்து போயிற்று. பண்டிதர் இருமல் கேட்கப் பழகட்டும் என்று அவரையும் மருந்தோடு அங்கேயே அனுப்பினார்.

அப்புறம் தன் கோலத்தையும் பண்டிதர் தலையில் வழிந்த முட்டையையும் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோளில் கிடந்த பொன்னாடையைக் கழற்றி, என் கையாலேயே போர்த்துகிறேன் வா என்று கோலப்பனை நோக்கி வந்தார். அவர் ஓரடி முன்னால் வைத்தால் கோலப்பன் இரண்டடி பின்னால் போனான். தூண் வரைக்கும் போய் முதுகு முட்டிக்கொண்டு நின்றான்.

"ராஜா மரியாதை செய்யும்போது இப்படியா ஓடுவது?"

"என்னை மன்னித்துவிடுங்கள், மகாராஜா. என் மூக்கு இன்னும் வேலை செய்கிறது."