பதினைந்து பிறந்தநாள்கள்

"சிஸ்டர், மூணரை வயசுப் பிள்ளை மனசுல ஒரு முகம் எத்தனை நாள் நிக்கும்?"

சிஸ்டர் அலோஷியா திரும்பிப் பார்க்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் இரண்டே நாள். கான்வென்ட் கல்லறைத் தோட்டத்தில் பத்தொன்பது சிஸ்டர்கள் படுத்திருந்தார்கள். ஏழு கல்லறைகளுக்குத்தான் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தார்.

லிடியா இரும்புக் கேட்டைச் சாத்தி, கொண்டியைப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"பிள்ளை எங்கே?"

"வெளியில, பூக்காரக்காகிட்ட. இதையெல்லாம் அவ பாக்க வேண்டாம், சிஸ்டர்."

"ஏன், என்னையும் சேத்து நாங்க இருபது பேரும் அவ்வளவு மோசமாவா இருக்கோம்?"

லிடியா சிரிக்கவில்லை. இங்கே பத்தாவது வரை படித்தவள். திங்கட்கிழமை அவளுக்குத் தலையில் ஆபரேஷன். கையெழுத்து வாங்கியபோது டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு கார்ட்டூன் படம், சிஸ்டர். யானைக்குட்டிக்கு அம்மா செத்துப்போயிடும். ஆத்துக்கு அந்தக் கரையில வந்து நிக்கும். குட்டி அதோட குரலை மறக்காத வரைக்கும் நிக்கும். மறந்துட்டா பனி மூடிரும்."

"ம்."

"சிமி தினமும் அதைத்தான் போடச் சொல்றா. போன வாரம் கேட்டா, 'நீ அந்தக் கரைக்குப் போனா என்னை எப்படிம்மா கூப்பிடுவ?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"டிவியை அணைச்சுட்டேன்."

சிஸ்டர் ஒரு சிலுவையில் ஒட்டியிருந்த பழைய மெழுகைச் சுரண்டினார்.

"எனக்கு ஜெபமாலை சொல்லக் கத்துக்கொடுத்தவங்க இவங்க. முகம் மறந்துபோச்சு."

"உங்களையும் இப்படி மறந்துருவாங்கன்னு பயமா இல்லையா?"

"இருக்கு."

லிடியா போனை எடுத்தாள்.

"சிமி அப்படிக் கேட்ட அன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன், சிஸ்டர். அவளோட ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு வீடியோ. நாலுல இருந்து பதினெட்டு வரைக்கும். பன்னெண்டு முடிஞ்சது. இன்னும் மூணு இருக்கு. திங்கட்கிழமைக்குள்ள முடிக்கணும்."

"ஒண்ணு போடு."

போனில் லிடியா நீலச் சேலை கட்டி, பொட்டுப் பொட்டாக வேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "சிமிக் கண்ணு, இன்னைக்கு உனக்கு ஒன்பது வயசு. அம்மா எங்கேயும் போகலை. உன்கூடவேதான் இருக்கேன்..."

அந்தக் குரலுக்குப் பின்னால் டப் டப் என்று ஒரு சத்தம்.

"அது என்ன?"

"கதவு. உள்ளே விட்டா மடியில ஏறிருவா, பேசவே விடமாட்டா. தாழ்ப்பாள் போட்டுத்தான் எடுத்தேன். இதைத் திரும்ப எடுக்கணும்."

"மத்த வீடியோவுல?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் கேக்கும்."

சிஸ்டர் பிரஷ்ஷைச் சுண்ணாம்பில் முக்கினார். எட்டாவது கல்லறைக்கு நகர்ந்தார்.

லிடியா போனை அணைத்தாள்.

டப் டப்.

கேட்டில்தான். சின்னக் கை, இரும்பில்.

"அம்மா."

"இதோ வர்றேன்டி, அங்கேயே இரு," என்று லிடியா குரல் கொடுத்தாள். பிறகு சிஸ்டரிடம் திரும்பினாள். "ஞாபகம் நிக்குமான்னு கேட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லலையே."

டப் டப் டப்.

சிஸ்டர் குனிந்து சிலுவையின் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார்.

"கொண்டி உன் பக்கம்தான் இருக்கு," என்றார்.