துப்பாக்கிக்குக் கட்டை பார்க்கப் போனோம்

பொய் சொல்கிறவர்கள்மேல் எனக்கு அவ்வளவு கோபம் கிடையாது. அதைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்மேல்தான். விடுதிச் சாம்பாரில் பருப்பு இருக்கிறதா இல்லையா என்று வார்டனோடு அரைநாள் வாதாடியவள் நான். அப்படிப்பட்ட என்னை, போன ஆனி மாதம் உடுமலைப்பேட்டையில் ஒரு ஏர் கன் கடையில் உட்காரவைத்துத் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையாட்ட வைத்துவிட்டார் என் தாய்மாமா ராக்கியப்பன். இந்த அநியாயத்தை எங்கேயாவது எழுதிவைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மாமாவின் தென்னந்தோப்பில் எலித்தொல்லை. மரமேறிக் குரும்பையெல்லாம் கடித்துத் தள்ளுகின்றன. நான் பல்கலைக்கழகத் துப்பாக்கி சுடும் அணியில் இருக்கிறேன். "லீவுக்கு வந்தா நீயே சுட்டுத் தள்ளீரு அம்மணி" என்று மாமா சொல்ல, வேட்டைக்கு ஆகிற மாதிரி வலுவான ஏர் கன் ஒன்று வாங்க நானும் மாமாவும் பூங்கோதை அத்தையும் கிளம்பினோம். எந்தத் துப்பாக்கி என்பதில் சண்டையே இல்லை. தோளில் முட்டுக் கொடுத்துப் பிடிக்கிற அந்தக் கட்டையில்தான் சண்டை.

கடைக்காரர் இப்ராம்ஷா பாய் ஒரே துப்பாக்கியை மூன்று கட்டைகளில் எடுத்து வைத்தார். ஒன்று, பளபளவென்று பாலிஷ் போட்ட வால்நட் மரம். இன்னொன்று, காட்டில் மறைந்திருக்க வாகாக இலை தழை படம் போட்டது. மூன்றாவது, மினுக்கே இல்லாத கறுப்பு பிளாஸ்டிக்.

நான் கறுப்பைத் தொட்டேன். மாமா வால்நட்டைத் தடவினார். அவர் தடவின தினுசிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வால்நட்டை வாங்கினால் அது நேராக அவர் வீட்டு ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரிக்குப் போகும். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். கீறல் விழுந்துவிடும் என்று என் கையில் தரமாட்டார். கறுப்பு வந்தால்தான் எனக்குத் துப்பாக்கி; இல்லாவிட்டால் எனக்கு வேடிக்கை.

சொன்னேன். மறுத்தார். மறுபடியும் சொன்னேன். பாய் டீ வரவழைத்தார். டீயும் தீர்ந்தது. கடைசியில் அவர்தான், "மாமாவும் மருமகளும் இப்படியே போனா நான் கடைய சாத்த முடியாதுங்க. எங்க ஊர் நோம்பித் திருவிழாவுல ஒரு பந்தயம் வெப்போம். ஆளுக்கு ஆள் கதை சொல்றது. எதிராளி கேள்வி கேக்கலாம். ஆனா யார் முதல்ல 'பொய்'னு சொல்றாங்களோ அவங்க தோத்தாங்க. ஜெயிச்சவங்க சொல்ற கட்டை. சம்மதமா?" என்றார்.

மாமா சம்மதித்த வேகத்தைப் பார்த்தே நான் சுதாரித்திருக்க வேண்டும். அவர் வாழ்நாளில் ஒரு துப்பாக்கியும் வைத்திருந்ததில்லை. இதுதான் முதல்.

"முந்தி என்றகிட்ட வால்நட் கட்டை போட்ட துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு பாத்துக்கோ" என்று ஆரம்பித்தார்.

நான் வாயைத் திறந்தேன். பாய் என்னைப் பார்த்தார். மூடினேன்.

"அப்படிங்களா மாமா?"

"பாலிஷ்னா அப்படியொரு பாலிஷ். ஒருநாள் பொழுதோட காட்டுப்பன்னி ஒண்ணு என்னைப் பாத்து ஓடியாருது. நான் துப்பாக்கியத் தூக்கறேன். பன்னி கட்டையில அது மொகத்தப் பாத்துச்சு. அப்படியே நின்னுருச்சு! அக்கட்டால திரும்பிப் பாக்குது, இக்கட்டால திரும்பிப் பாக்குது, முள்ளு முடியையெல்லாம் படிய வாருது. மறுநாள் பொண்டாட்டி புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வந்துருச்சு. போட்டோ ஸ்டுடியோல நிக்கற மாதிரி வரிசையா நிக்குதுங்க. குட்டிக எல்லாம் முன்னால."

"காட்டுப்பன்னியச் சுட்டா ஜெயிலு, தெரியுங்களா மாமா?"

"யார் சுட்டா? மொகம் பாத்துக்கிட்டு இருக்கறவங்களப் போய்ச் சுடுவாங்களா? நான் கட்டையச் சாய்ச்சுப் புடிச்சு வெளிச்சம் காட்டுனேன்."

என் நாக்கு நுனியில் அந்த வார்த்தை துடித்தது. டீ கிளாஸைக் கடித்துக்கொண்டேன்.

"அப்ப அந்த இலை தழைக் கட்டையாச்சும் வாங்கலாமுங்களே?" என்று பாய் அடியெடுத்துக் கொடுத்தார். அவருக்கு யார் ஜெயித்தால் என்ன, கதை நடந்தால் சரி.

"ஐயோ, அதப் பத்தி மட்டும் கேக்காதீங்க பாய். ஒருக்கா வாங்கி, வேட்டியச் சரி பண்ணலாம்னு சித்த நேரம் செடியோரம் வெச்சேன். காணம்! கண்ணு முன்னாலதான் இருக்குது, தெரியமாட்டேங்குது. கையால தடவித் தடவிக் கண்டுபுடிச்சேன். சரின்னு தோள்ல போட்டா, தோளு காணம். அப்புறம் கழுத்து. ஊட்டுக்கு வந்து சேரறப்ப வேட்டி மட்டும்தான் நடந்து வருது. இவ சோறு போடறா, மெல்ற சத்தம் மட்டும் கேக்குது. கேட்டுப் பாரு உன்ற அத்தைய."

அத்தை பர்ஸில் எதையோ தேடிக்கொண்டே, "அந்த வாரம் நிம்மதியா இருந்தேன்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு பந்தயத்தில் சேர்த்தி இல்லை என்று பாய் தீர்ப்புச் சொன்னார்.

"கறுப்புக் கட்டையில என்ன குறைங்க மாமா?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. "மழைக்கு ஊறாது, வெயிலுக்கு வெடிக்காது."

"குறையா? கறுப்பு வெயிலக் குடிக்கும் கண்ணு. நீ படிச்சவ, உனக்குத் தெரியாததா? சித்திரை மாசம் தோப்புக்குள்ள கொண்டுபோனேன். குடிக்குது, குடிக்குது, நிறுத்தமாட்டேங்குது. நட்ட நடுப் பகல்ல தோப்பே இருட்டிப்போச்சு! கோழி எல்லாம் அடைய வந்துருச்சு. மாடு பாலுக்கு நிக்குது. கரண்டு ஆபீசுல இருந்து ஆள் வந்து, உங்க தோப்புக்கு மட்டும் ஏனுங்க இருட்டுங்கறான். அப்புறம் வேட்டிய அவுத்து அதுமேல சுத்துன பொறவுதான் பகல் திரும்பி வந்துச்சு."

"வேட்டியில்லாம நின்னீங்களா?"

"இருட்டுதானே!"

ஒளியை உறிஞ்சுவதற்கும் இருட்டைப் பரப்புவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க ஆரம்பித்தேன். பாய், "அம்மணி, அது பொய்ங்கறீங்களா?" என்றார் மெதுவாக. இல்லை என்று தலையாட்டினேன். இயற்பியலுக்கு நான் செய்த துரோகம் அது.

மாமாவுக்கு இப்போது சுதி ஏறிவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மரம்னா உசிரு. அடைமழைல என்ற வால்நட் துப்பாக்கிய மோட்டார் ரூம் செவுத்துல சாத்தி வெச்சுட்டேன். போயிப் பாத்தா வேர் விட்டுருச்சு! எலை துளுத்து, கெளை விட்டு, பூவெடுத்து, காய் காய்ச்சுத் தொங்குது. என்ன காய்ங்கற? பிஸ்டல்! பச்சையா, சின்னச் சின்னதா. பறிக்கலாம்னு பக்கத்துத் தோட்டத்துக்காரன் சொல்றான். நான் விடல. பழுக்கட்டும்டா, பழுத்தா ரைஃபிள் ஆகும்னு விட்டேன்."

"பழுத்துச்சுங்களா?"

"எங்க! கொரங்குக வந்து பறிச்சுட்டுப் போயிருச்சுக. இன்னிக்கும் திருமூர்த்தி மலைப் பக்கம் டப்பு டப்புன்னு சத்தம் கேக்குதே, யாருன்னு நெனைக்கற?"

பாய் கைதட்டினார். என் முறை.

எனக்குப் பொய் வராது. பழக்கமில்லை. நான் சுட்ட குண்டு ஒன்று பூமியைச் சுற்றி வந்து மறுபடி துப்பாக்கிக்குள்ளேயே நுழைந்துகொண்டது என்று சொல்லிப் பார்த்தேன். மாமா அசரவில்லை. "ஆமா, எங்க தோப்பு வழியாத்தான் போச்சு. இப்படி ஒதுங்கிப் போன்னு நான்தான் வழி காட்டுனேன்" என்றார். பொய்யில் அவரை வெல்ல இந்தத் தாலுகாவிலேயே ஆள் கிடையாது. கறுப்புக் கட்டையைப் பார்த்தேன். பாய் அதை எடுத்து உறையில் போடப் போனார்.

அப்போதுதான் தோன்றியது. பொய்க்குப் பொய் எதற்கு?

"இன்னொண்ணு சொல்றேனுங்க மாமா. போன மாரியம்மன் நோம்பியில பலூன் சுடற கடைக்குப் போனோம். நீங்க துப்பாக்கிய வாங்கி, ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டீங்க. நீங்க இழுக்கறதுக்கு முன்னாடியே பக்கத்துல ஒருத்தர் பலூன வெடிச்சுட்டாரு. 'ஐயோ, என்னைய சுட்டுப்போட்டாங்க'ன்னு துப்பாக்கியக் கீழ போட்டுட்டு அத்தையக் கட்டிப் புடிச்சுக்கிட்டீங்க. அப்புறம் அத்தை சோடா வாங்கிக் குடுத்து—"

"பொய்!" மாமா எழுந்தேவிட்டார். "சுத்தப் பொய்!"

பாய் உறையைக் கீழே வைத்தார்.

"தோத்துட்டீங்களே" என்றார் பாய்.

"எப்படித் தோப்பேன்?" மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய்யப் பொய்ன்னு சொன்னாத்தானே தோல்வி? அவ சொன்னது பூராவும் நெசம்! நெசத்தப் பொய்ன்னு சொன்னா எப்படிக் கணக்குல வரும்? பூங்கோதையே கூட இருந்தாளே, கேளுங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மெல்ல உட்கார்ந்தார்.

"பன்னீர் சோடா" என்றார் அத்தை. "ரெண்டு."

பாய் கறுப்புக் கட்டைத் துப்பாக்கியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். வால்நட்டைக் கடைசியாக ஒருமுறை தடவிவிட்டு மாமா எழுந்தார். "ஆகட்டும், எடுத்துக்க. ஆனா எதுக்கும் துணியில சுத்திக் கொண்டா அம்மணி. மத்தியானம் வேற. ஊர் இருட்டிப்போயிரும்."

"போங்க மாமா" என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே துப்பாக்கியைத் துணி சுற்றாமல் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இருட்டியிருந்தது.

ஆனைமலைப் பக்கமிருந்து மேகம் திரண்டு கடைவீதி முழுக்கக் கருத்துக் கிடந்தது. எதிரே பேக்கரியில் விளக்குப் போட்டார்கள். மாமா வானத்தைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது தென்மேற்குப் பருவமழைங்க மாமா. ஆனி மாசம் இந்த நேரத்துக்கு மேகம்—"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

எதிர்த்து வாதாட ஒருவரும் இல்லாத வாதத்தில் நான் மட்டும் தோற்றுக்கொண்டு நின்றேன்.

அத்தை காரின் கதவைத் திறந்தார். "ரெண்டு பேரும் ஏறுங்க. கொடியில துணி கெடக்குது."