ஒரே மலையில் இரண்டு பெட்டி

“அவன் பெட்டியைப் பிடுங்கி எறியுங்க சாமி. இடம் உங்களது.”

மலையேறி வந்த பொங்கியண்ணன் கும்பிடக்கூட இல்லை. செருப்பைக் கழற்றினார், இதைச் சொன்னார்.

மடத்து வாசலில் பாவாயம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

குரு இந்த அம்மாதான். பொங்கியண்ணன் சீடன். வயதைப் பார்த்தால் தலைகீழாகச் சொல்லத் தோன்றும். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, அம்மாவுக்கு ஐம்பது ஆகவில்லை. தாழனூர் மாட்டுச் சந்தையில் கயிறு பிடிக்கிற வேலையில் தொடங்கி, உதைபட்டு, ஏமாந்து, ஏமாற்றியவனை ஊர் ஊராக விரட்டிப் பிடித்துத் தரகரானவர் பொங்கியண்ணன். சந்தையில் அவர் குரலுக்கு மேல் எவன் குரலும் போனதில்லை. அவரை முகத்துக்கு நேரே திட்டுகிற ஒரே ஆள் இந்த அம்மா. அதற்காகத்தான் சீடனானார் என்று சந்தையில் சொல்லிச் சிரிப்பார்கள், அவர் காதில் விழாத தூரத்தில்.

“எந்தப் பெட்டி?” என்றார் அம்மா.

“மருதங்கரைக்காரன் பெட்டி. தெய்வசிகாமணி வெச்ச பெட்டி. வேறெது?”

விஷயம் இதுதான். மலைக்குக் கிழக்கே தாழனூர், மேற்கே மருதங்கரை. இரண்டு ஊர்ச் சந்தைக்காரர்களும் ஆளுக்கொரு சின்ன எஃப்.எம். வானொலி நடத்தினார்கள். தாழனூர் வானொலிக்குப் பொங்கியண்ணன் பொறுப்பு, மருதங்கரை வானொலிக்குத் தெய்வசிகாமணி. மாட்டு விலை, மழை, சாவுச் செய்தி, நடுநடுவே பாட்டு. அனுமதி கொடுத்தவர்கள் இரண்டுக்கும் ஒரே அலைவரிசையைக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் இவ்வளவு பெரிய மலை நிற்கிறது, ஒன்றின் குரல் இன்னொன்றின் மேல் எப்படி விழும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் தப்பில்லை. மலையை அதன் பாட்டில் விட்டிருந்தவரை ஒரு சண்டையும் இல்லை.

பிறகு மலையடிவாரத்துக் கிராமங்கள்மேல் இரண்டு பேருக்கும் கண் விழுந்தது. அந்த மாடுகள் எந்தச் சந்தைக்கு வரும் என்கிற போட்டி. தாழனூர்க்காரர்கள் உச்சியில், மடத்து நிலத்தில், ஒரு ரிலே பெட்டி வைத்தார்கள். கீழிருந்து வருகிற குரலை வாங்கி அடிவாரம் முழுக்க வீசுகிற சின்னப் பெட்டி. பார்த்துக்கொண்டிருப்பார்களா மருதங்கரைக்காரர்கள்? அவர்களும் ஏறி வந்து பக்கத்திலேயே ஒன்றை வைத்தார்கள். அதே அலைவரிசை.

அன்றிலிருந்து அடிவாரத்துக் கல்லுக்குழி கிராமத்தில் ரேடியோவைத் திருகினால் கடலை வறுக்கிற சத்தம்தான். பொங்கியண்ணன் தன் பெட்டியின் வலுவைக் கூட்டினார். தெய்வசிகாமணியும் கூட்டினார். இவர் மறுபடி கூட்டினார். கடலை கருகுகிற சத்தம் வந்தது.

இத்தனையும் அம்மாவுக்குத் தெரியும். இருந்தாலும் பொங்கியண்ணன் முதலிலிருந்து சொன்னார். மாடுகளுக்குக் கோமாரி நோய் வந்ததைச் சொன்னார். தாழனூரில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதையும், முகாம் நடக்கிறது என்று வானொலியில் தொண்டை வறளக் கத்தியதையும், கல்லுக்குழியிலிருந்து ஒரு கன்றுக்குட்டிகூட வராததையும் சொன்னார். அந்தப் பள்ளத்தில் செல்போனும் எடுக்காது. ரேடியோதான் கதி. அந்த ரேடியோவில் மருதங்கரைக்காரன் மண்ணைப் போட்டுவிட்டான். இப்போது அங்கே மாடுகள் வாயில் நுரை தள்ளி விழுகின்றன.

“மாடுங்க சாமி. வாயில்லாத ஜீவன். எனக்குச் சோறு போட்டது அதுங்கதான். அவன் இரைச்சலால சாகுதுங்க. சென்னையிலிருந்து இன்னும் பெரிய பெட்டி வரச் சொல்லியிருக்கேன். அதை வெச்சா அவன் பெட்டி மூச்சு விடாது. ஆனா அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் அவனுதைப் பிடுங்கிப் போடுங்க.”

“அவன் பெட்டி மண்ணைப் போட்டுச்சு. உங்க பெட்டி என்ன செஞ்சுது? பூத்தூவுச்சா?”

“என் பெட்டி முதல்ல வந்த பெட்டி.”

அம்மா கீரைக்காம்பை வீசினார். அது பொங்கியண்ணன் காலடியில் வந்து விழுந்தது.

“துண்டைக் குடுங்க.”

“எதுக்கு?”

“குடுங்கன்னா குடுங்க.”

தோள் துண்டை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதைத் தன் வலக்கைமேல் போட்டுக்கொண்டு, உள்ளே கையை நீட்டச் சொன்னார். மாட்டுச் சந்தையில் விலை இப்படித்தான் பேசுவார்கள். துண்டுக்கடியில் இரண்டு கை. விலையை வாயால் சொல்வதில்லை. ஒருவர் விரலைப் பிடித்து அழுத்துவார், மற்றவர் புரிந்துகொள்வார். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது.

“மடத்துக் காளையை விக்கப் போறேன். விலை சொல்றேன். நீங்களும் உங்க விலையைச் சொல்லுங்க.”

பொங்கியண்ணனின் கை துண்டுக்குள் போனது. எத்தனை ஆயிரம் மாடு கைமாறிய கை. அம்மாவின் விரல்கள் அழுத்தின. அதே நொடியில் அவரும் அழுத்தினார். அம்மா விடவில்லை, இன்னும் இறுக்கினார். அவரும் இறுக்கினார். துண்டு குலுங்கியது. இரண்டு பேர் நெற்றியிலும் நரம்பு புடைத்தது.

அம்மா கேட்டார், “நான் சொன்ன விலை என்ன?”

“எப்படித் தெரியும்? நீங்களும் அழுத்தறீங்க, நானும் அழுத்தறேன். இது வியாபாரமா, மல்லுக்கட்டா? ஒருத்தர் கை சும்மா இருந்தாத்தான இன்னொருத்தர் விலை தெரியும்.”

“யார் கை?”

பொங்கியண்ணன் துண்டைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார். சுளீரென்று கோபம் ஏறியது. தான் வலையில் கால் வைத்தது தெரிந்தால் வருகிற கோபம் அது.

“நான் ஏன் சும்மா இருக்கணும்? சொல்லுங்க. சின்ன வயசுல சும்மா இருந்தேன். கூலி குடுக்காம விரட்டுனான். கத்துனேன், குடுத்தான். சும்மா இருந்தவன் எவன் பிழைச்சிருக்கான்? அந்தத் தெய்வசிகாமணி முதல்ல சும்மா இருக்கட்டும். அவனைக் கூப்பிட்டு இந்தத் துண்டு வித்தையைக் காட்டுங்க.”

“காட்டியாச்சு. நேத்து வந்தான்.”

“இங்கயா?”

“இதே இடத்துல உக்காந்தான். உங்க பெட்டியைப் பிடுங்கி எறியச் சொன்னான். உங்களைப் பத்தி அவன் சொன்ன சொல்லையெல்லாம் இங்க சொல்ல முடியாது.”

பொங்கியண்ணன் மீசை துடித்தது. என்ன சொன்னான் என்று கேட்டார். அம்மா எழுந்து மடத்துக்குப் பின்னால் நடந்தார். அவரும் பின்னாலேயே போனார். அங்கே தகரக் கொட்டகையில் இரண்டு பெட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மேலே இரண்டு கம்பங்கள்.

“உங்க பெட்டியைத் தொடுங்க.”

தொட்டார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது. கையை எடுத்துக்கொண்டார்.

“அவனுதைத் தொடுங்க.”

தொடவே மனசு வரவில்லை. ஆனாலும் தொட்டார். சில்லென்று இருந்தது. குனிந்து பார்த்தார். விளக்கு எரியவில்லை.

பொங்கியண்ணன் முகம் மலர்ந்தது. வந்ததிலிருந்து முதல் தடவை.

“செத்துருச்சா?”

“அணைச்சிட்டான். இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி அவனே வந்து, அவன் கையாலயே.”

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். பயந்துட்டான் என்றார். பெரிய பெட்டி வருகிற சேதி அவன் காதுக்குப் போயிருக்கும், அதுதான் வாலைச் சுருட்டிக்கொண்டான் என்றார். தாழனூரில் இதை எப்படிச் சொல்வது, யார் யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்று அவர் மனசு ஓட ஆரம்பித்துவிட்டது. கீழே கல்லுக்குழிப் பாதையிலிருந்து யாரோ ஏறி வருவது தெரிந்தது.

வந்தவள் கருப்பாத்தாள். கல்லுக்குழிக்காரி. இரண்டு கறவை மாடு வைத்துப் பிழைத்தவள். இப்போது ஒன்றுதான். செத்த மாட்டைப் புதைத்துவிட்டு, உயிரோடு இருக்கிறதுக்குத் திருநீறு வாங்க வந்திருந்தாள். பொங்கியண்ணனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

“வாங்கண்ணே. இன்னைக்கு உங்க ரேடியோ கணீர்னு கேட்டுச்சு.”

பொங்கியண்ணன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார், கேட்டீர்களா என்பதுபோல.

“நெசமாவா ஆத்தா? நல்லாக் கேட்டுச்சா?”

“கேக்காம? ஊரே சாவடியில உக்காந்து கேட்டோம். இத்தனை நாளா இரைச்சலு, இன்னைக்குத்தான் மனுசக் குரல் வருது, மாட்டுக்கு மருந்து எங்கன்னு இப்பச் சொல்வாங்க, இப்பச் சொல்வாங்கன்னு ஒருத்தரும் கஞ்சிகூடக் குடிக்கப் போகல.”

“என்ன கேட்டீங்க?”

“நீங்க திட்டுனதைக் கேட்டோம்.”

பொங்கியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கருப்பாத்தாள் விடவில்லை. மருதங்கரைக்காரன் பரம்பரையை இழுத்தது, அவன் சந்தைத் தராசை இழுத்தது, அவன் பெட்டிக்குப் பாடை கட்டுகிறேன் என்றது, ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுவில் ஒரு பாட்டு போட்டார்களாம். பாட்டு முடிந்ததும் மறுபடி திட்டாம்.

“ஒரு சொல்லு தப்பலீங்கண்ணே. அத்தனை தெளிவு. நீங்க அவன் அப்பனை எடுத்தப்ப என் மாடு கட்டுத்தறியில கால் உதைச்சுது. அவன் தாத்தனை எடுத்தப்ப உசுரு அடங்கிருச்சு.”

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. அழுதிருந்தால் பொங்கியண்ணனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அம்மாவிடம் திருநீறு வாங்கி முந்தானையில் முடிந்தாள். மீதி மாட்டுக்கு எங்கேயாவது ஊசி போடுகிறார்களா என்று அம்மாவிடம்தான் கேட்டாள், அவரிடம் கேட்கவில்லை. இன்றைக்குச் சாயங்காலமும் ரேடியோவைக் கேள் என்று அம்மா சொன்னார். அவள் பொங்கியண்ணனை ஒரு பார்வை பார்த்தாள்.

“அவன் பூட்டன் ஒருத்தன்தான் பாக்கி” என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

பொங்கியண்ணன் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்கிற எண்ணத்தில்தான் காலையில் மைக்கைப் பிடித்தேன் என்று முணுமுணுத்தார். யாருக்கும் கேட்காது என்றால் எதற்காகப் பேசினீர்கள் என்று அம்மா கேட்டார்.

“சரி சாமி. என் பெட்டியையும் அணைச்சிடறேன். எவன் பேச்சும் வேண்டாம்.”

அவர் கை பெட்டிக்குப் போனது. அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார். நல்ல அடி.

“அறிவிருக்கா? நீங்களும் அணைச்சா அந்த ஊருக்கு யார் சொல்றது?”

பிறகு அம்மா நேற்று நடந்த மீதியைச் சொன்னார். தாழனூரில் மருந்து தீர்ந்துவிட்டது. மருதங்கரையில் இருக்கிறது. நாளைக் காலை அங்கே சந்தைத் திடலில் ஊசி போடுகிறார்கள், நோய் தொடாத மாடுகளுக்கு. அந்த ஒரு நாள்தான். தெய்வசிகாமணி அதைத் தன் வானொலியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். தாழனூர்ப் பெட்டி அதை விழுங்கிவிட்டது. துண்டுக்குள் கை விட்டு எழுந்தவர் வெகுநேரம் எல்லாரையும் திட்டினார். அம்மாவையும் திட்டினார். கடைசியில், அந்தக் கிழவன் குரலாவது ஒழுங்காகப் போய்ச் சேரட்டும், அவனே சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். போனவர்தான் விடிவதற்குள் திரும்ப ஏறி வந்து பெட்டியை அணைத்தது.

“மருதங்கரையில ஊசி போடறது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

பொங்கியண்ணன் கீழே பார்த்தார். கல்லுக்குழி ஓட்டுக் கூரைகளில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கருப்பாத்தாள் பாதி வழி இறங்கியிருந்தாள். மேய்ச்சலில் மாடே இல்லை. எல்லாம் கட்டுத்தறியில்.

அவர் திரும்பியபோது கண் சிவந்திருந்தது. குரலில் மட்டும் பழைய முறுக்கு விட்டுப் போகவில்லை.

“அப்ப நான் இப்பக் கீழ போய், மைக்கு முன்னால உக்காந்து, என் வாயால, எல்லாரும் மருதங்கரைக்கு மாட்டை ஓட்டிட்டுப் போங்கன்னு சொல்லணும். அப்படித்தான?”

அம்மா கொட்டகைக் கதவைச் சாத்தினார்.

“காலையிலிருந்து உங்க வாயில மருதங்கரையைத் தவிர வேற என்ன இருந்துச்சு, தரகரே?”