மூன்று தெரியும்

“நாற்பத்திரண்டு வார்த்தையும் தலைகீழாச் சொல்றேன். இன்னும் என்னம்மா குறை?” என்று கேட்டார் ஞானசிகாமணி.

வள்ளியூரில் முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யார் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். கேட்காவிட்டாலும் வைத்திருப்பார், அது வேறு விஷயம்.

எதிரே இருந்த குருவுக்கு வயது இருபத்தொன்பது. பெயர் ஹெப்சிபா. ஸ்லோவேனியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஐந்து வருஷமாக நர்ஸ் வேலை. லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாள்.

அவருடைய மகள் பியூலாவும் அந்த நாட்டில்தான் இருந்தாள். அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டாள். “உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லிக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டார் இவர்.

ஆறு வருஷமாயிற்று. இப்போது இவர் கூப்பிட்டால் அவள் எடுப்பதில்லை. பாவம், மனுஷர் பாதியாகிப் போனார்.

போன வாரம் மருமகனிடமிருந்து ஒரு செய்தி. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தன் அம்மா பேசுவாள் என்று. சம்பந்தியம்மாவுக்குத் தாய்மொழியை விட்டால் வேறு பாஷை கிடையாது. அவள் மனசு வைத்தால் போன் மகள் கைக்குப் போகும்.

அதற்குத்தான் இந்த நோட்டுப் புத்தகம். இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் ஸ்லோவேனியன்.

“நாலெட்ஜ், ஸ்நான்யே. விஸ்டம், மோத்ரோஸ்த். எக்ஸ்பீரியன்ஸ், இஸ்குஷ்ன்யா. சரிதானா?”

“சரி சார்.”

“ஞாயிற்றுக்கிழமை பேசிரலாமா?”

“முதல்ல என்ன சொல்லப் போறீங்க?”

“என் மகளை எனக்குத் தெரியும். பிடிவாதக்காரி, ஆனா நல்லவ. அப்படித்தான் ஆரம்பிக்கப் போறேன்.”

“சொல்லுங்க.”

“வேம்...”

“இல்லை” என்றாள் ஹெப்சிபா.

“என்ன இல்லை? ‘ஐ நோ’ன்னா, தெரியும்னா, ‘வேம்’. டிக்‌ஷனரில முதல் வார்த்தையே அதுதான்.”

“அதுக்குக் கீழே இன்னும் ரெண்டு இருந்திருக்குமே?”

இருந்தது. ஒன்று போதும் என்று விட்டுவிட்டார்.

“சார், ஸ்லோவேனியாவோட தலைநகரம் தெரியுமா?”

“தெரியும்.”

“நீச்சல் தெரியுமா?”

“தெரியும்.”

“எங்க அப்பாவைத் தெரியுமா?”

“நல்லாத் தெரியுமே!”

“நமக்கு மூணும் ஒரே தெரியும். அவங்களுக்கு அப்படி இல்லை. சேதி தெரிஞ்சா வேம். வேலை தெரிஞ்சா ஸ்நாம். ஆளைப் பழகித் தெரிஞ்சா போஸ்நாம்.”

“அட! அப்போ என் மகளை எனக்குப் போஸ்நாம். அவ்வளவுதானே?”

அவர் சந்தோஷமாக எழுதப் போனார். ஹெப்சிபா நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“எதைக் கண்டா அவளுக்குப் பயம்?”

“பயமா? அவ ஸ்கூல் ஃபர்ஸ்ட்டும்மா. பிளஸ் டூல ஆயிரத்து நூத்தி நாற்பத்தாறு.”

“வேம்” என்றாள் ஹெப்சிபா.

“ரத்தம் பி நெகட்டிவ். பிறக்கையில ரெண்டே முக்கால் கிலோ.”

“வேம்.”

“அஞ்சு வயசுலயே பைபிள்ல சங்கீதம் இருபத்து மூணை ஒரு பிழை இல்லாமச் சொன்னா!”

“வேம். யார்கிட்ட மனசு விட்டுப் பேசுவா?”

அவர் நோட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

“பெத்தவனைப் பார்த்துக் கேக்கிற கேள்வியா இது?” என்று விருட்டென்று எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் வரவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது. ஹெப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. திரையில் நரைத்த தலையோடு ஒரு அம்மா. பின்னால் அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சத்தம்.

அந்த அம்மா நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ஹெப்சிபா தமிழில் சொன்னாள்.

“பியூலா அடுக்களைலதான் இருக்கா, வரமாட்டேங்கிறா. அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்னு கேக்கிறாங்க.”

ஞானசிகாமணி நோட்டைத் திறந்தார். இருபது வாக்கியம் எழுதி வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நோட்டை மூடினார்.

“பியூலா” என்றார். “நே போஸ்நாம்.”

சம்பந்தியம்மாவுக்குப் புரியவில்லை. மகளைப் பழகித் தெரியாது என்று எந்த அப்பன் சொல்லுவான்? திரும்பவும் கேட்டாள்.

“நே போஸ்நாம்” என்றார் இன்னும் சத்தமாக.

அடுக்களையில் தண்ணீர் நின்றது.

திரை ஆடியது. ஈரக்கை ஒன்று போனை வாங்கியது. ஆறு வருஷத்துக்குப் பிறகு மகளின் முகம்.

“அப்பா, வார்த்தை மாறிப்போச்சு. அதுக்கு அர்த்தம் வேற.”

“அர்த்தம் தெரிஞ்சுதாம்மா சொன்னேன்.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்குப் பாகற்காய் பிடிக்காதுப்பா” என்றாள். “சின்னதுலேருந்தே.”