பத்து புள்ளி எட்டு

அந்தக் கல்லூரியின் இயற்பியல் துறையில் ஒரு சித்தர் இருந்தார். வயது இருபது. மூன்றாம் ஆண்டு. ஜடாமுடி கிடையாது, ஒற்றைப் பின்னல்தான். கயத்தாறிலிருந்து காலை ஏழே முக்கால் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவார். பெயர் செண்பகவல்லி.

சித்தர் என்று பெயர் வைத்தது ஜூனியர் பிள்ளைகள். அவளிடம் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. ஏதாவது செய்யச் சொல்வாள். விடுதியில் சேர்ந்த ஒரு பெண், "வீட்டு ஞாபகமாவே இருக்குக்கா" என்று அழுதபோது, தன் டப்பாவில் இருந்த புளியோதரையில் பாதியைக் கொடுத்து, "நாளைக்கு டப்பாவைக் கழுவிக் கொண்டா" என்று மட்டும் சொன்னாள். கழுவிக் கொண்டுவந்த டப்பாவில் மறுநாளும் பாதி கிடைத்தது. ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு அழுவதற்கு நேரமில்லாமல் போய்விட்டது.

இசக்கிராஜா முதலாம் ஆண்டு. சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அடையாள அட்டையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். கைப்பந்து அணித் தேர்வில் பெயர் கொடுத்திருக்கிறான். கேன்டீனில் வாழைக்காய் பஜ்ஜி எத்தனை மணிக்குச் சூடாக வரும் என்பது அவனுக்கு அத்துப்படி.

இயற்பியல் எடுத்ததற்கு ஒரே ஒரு காரணம்தான். ஒன்பதாம் வகுப்பில் வாத்தியார் ஓர் இரும்புக் குண்டை விட்டத்தில் கட்டி, இவன் மூக்கருகே வரை இழுத்துப் பிடித்து, "அசையாதே" என்று சொல்லி விட்டுவிட்டார். குண்டு அறையின் அந்தப் பக்கம் வரை போய்த் திரும்பி வந்து, மூக்குக்கு முன்னால் ஒரு விரற்கடையில் நின்றது. வகுப்பே அலறியது. இவன் அசையவில்லை. அன்றைக்கே பைத்தியம் பிடித்துவிட்டது.

அப்படிப்பட்டவன் சட்டைப்பையில் இப்போது ஒரு விண்ணப்பம் இருந்தது. இயற்பியலை விட்டு வணிகவியலுக்கு மாற்றித் தரும்படி கேட்டு, அப்பாவின் கையெழுத்தோடு. கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இன்று வியாழன்.

காரணம் முதல் ஆய்வக வகுப்பு.

நூலில் ஓர் உலோகக் குண்டைக் கட்டி ஆடவிட வேண்டும். போய்த் திரும்பி வந்தால் ஓர் ஆட்டம். இருபது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தால், பூமி பொருள்களை எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். விடை ஒன்பது புள்ளி எட்டு வரவேண்டும். அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே தெரியும்.

இவனுக்குப் பத்து புள்ளி எட்டு வந்தது. நூலை அவிழ்த்துக் கட்டி மறுபடி செய்தான். பத்து புள்ளி எட்டு. மறுநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தான். அதே பத்து புள்ளி எட்டு.

வகுப்பில் மற்ற எல்லோருக்கும் ஒன்பது புள்ளி எட்டு. பார்க்க நன்றாக இருக்கட்டுமே என்று சிலர் ஒன்பது புள்ளி ஏழு ஒன்பது போட்டிருந்தார்கள்.

"எப்படிடே ஒங்களுக்கெல்லாம் வருது?" என்று பக்கத்தில் இருந்த அந்தோணியிடம் கேட்டான்.

"நீ மொதல்ல நூலைக் கெட்டுத. நாங்க மொதல்ல விடையை எழுதுதோம்" என்றான் அந்தோணி. அவன் முன்னால் போன வருடத்து ரெக்கார்டு நோட்டு ஒன்று விரித்துக் கிடந்தது.

இசக்கிராஜாவுக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. தன் கை இதற்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டான். உள்ளதைச் சொன்னால், அன்றிலிருந்து அவனுக்குப் பஜ்ஜிகூட இறங்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் சித்தர் உட்கார்ந்திருந்தாள். அவன் போய் எதிரில் நின்றான்.

"அக்கா, ஒரு விஷயம் கேக்கணும்."

"கேளு."

"எனக்கு பிசிக்ஸ் வருமா, வராதா? நாளைக்குள்ள தெரிஞ்சாகணும்."

அவள் டப்பாவை மூடினாள். "நோட்டு வச்சிருக்கியா?"

கொடுத்தான். அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மூணு தடவையும் பத்து புள்ளி எட்டா?"

"ஆமாக்கா."

"ஒண்ணையாவது கொஞ்சம் கொறச்சுப் போட்டிருக்கலாம்லா?"

"எப்படிக்கா போட? அதான வந்துச்சு."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை. பிறகு பென்சிலை எடுத்து நோட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு கணக்குப் போட்டாள். எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள்.

"வா" என்றாள்.

கூட்டிக்கொண்டு போனது துறை வராந்தாவுக்கு. நீளமான வராந்தா. வரிசையாகத் தூண்கள். ஒவ்வொரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் ஒரு கைப்பிடிச் சுவர். பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து மழுங்கிப்போன சுவர்.

"இந்த மொதத் தூண்ல இருந்து கடைசித் தூண் வரைக்கும் தொட்டு எண்ணிட்டுப் போ."

போனான். திரும்பி வந்து, "இருவத்தி ஒண்ணு" என்றான்.

"நடுவுல எத்தனை சுவரு?"

"அதுவும் இருவத்தி ஒண்ணுதான்."

"எண்ணுனியா?"

எண்ணவில்லை. மறுபடி போனான். ஒவ்வொரு சுவரையும் தாண்டும்போது விரலை மடக்கிக்கொண்டான். திரும்பி வரும்போது நடை மெதுவாகிவிட்டது.

"இருவதுதான்க்கா இருக்கு."

"மொதத் தூணைத் தொட்டு ஒண்ணுன்னு சொன்னேல்லா, அப்ப எத்தனை சுவரைத் தாண்டியிருந்த?"

"ஒண்ணுங்கூட…"

அடுத்த நொடி அவன் ஆய்வகத்தைப் பார்த்து ஓடினான். செண்பகவல்லி ஓடவில்லை. உதவியாளரிடம் சாவி வாங்கிக்கொண்டு நிதானமாக வந்து கதவைத் திறந்தாள்.

நூலைக் கட்டினான். குண்டை இழுத்து விட்டான். போன மூன்று முறையும் நிறுத்துக்கடிகாரத்தை அழுத்திய அதே நொடியில் "ஒண்ணு" என்று சொல்லித்தான் எண்ணத் தொடங்கியிருந்தான். குண்டு ஓர் ஆட்டமும் ஆடி முடிக்காதபோதே ஒன்று. இருபது என்று நிறுத்தியபோது ஆடியது பத்தொன்பதுதான்.

இப்போது அழுத்தியபோது, "சைபர்" என்றான்.

இருபது என்று நிறுத்தினான். நாற்பது புள்ளி இரண்டு வினாடி. முன்பு வந்தது முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. கணக்குப் போட்டான்.

ஒன்பது புள்ளி ஏழு ஏழு.

அவன் அதை மூன்று தடவை சரிபார்த்தான். கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்கக் கூடாதென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பார்ப்பதற்கு அங்கே சித்தரைத் தவிர யாரும் இல்லை, அவளும் நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நோட்டைத் திருப்பி, பழைய பக்கத்தைக் கிழிக்கப் போனான்.

"கிழிக்காத" என்றாள். குரல் சட்டென்று உயர்ந்தது.

"தப்பான பக்கம்தானக்கா."

"அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். மூணும் ஒண்ணுபோல வந்திருந்துச்சு. கை கோணியிருந்தா மூணும் மூணு மாதிரில்லா வரும்? ஒன் நேரத்தைப் பத்தொம்பதால வகுத்துப் பாத்தேன், சரியா விழுந்துட்டு. ஒண்ணை நீ மாத்தி எழுதியிருந்தா, எனக்குத் தெரிஞ்சிருக்காது."

இசக்கிராஜா நோட்டை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"ஒங்களுக்கு மொத வருஷம் எவ்வளவுக்கா வந்துச்சு?"

சுவரோரம் இருந்த அலமாரியில் பழைய ரெக்கார்டு நோட்டுகள் அடுக்கிக் கிடந்தன. அதில் தேடித் தன்னுடையதை உருவிக் கொண்டுவந்து பிரித்து வைத்தாள். பழுப்புத்தாள் அட்டை, மணிமணியான கையெழுத்து. ஒன்பது புள்ளி எட்டு. பத்துக்குப் பத்து. சிவப்பு மையில் 'மிக நன்று'.

"சூப்பர்க்கா" என்றான் அவன், மனசாரத்தான்.

"ஒரு நூலுக்கு ஆறு பேரு நின்னோம். நூலு என் கைக்கு வரலை. ஒரு அக்காவோட ரெக்கார்டு கைக்கு வந்துச்சு." அவள் சொல்லும்போது குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "துறையில மொத மார்க்கு நான்தான். இந்தக் குண்டை இன்னைக்கு வரைக்கும் நான் தொட்டதில்ல."

மூன்று வாரமாக எந்த அக்காவை அண்ணாந்து பார்த்தானோ அந்த அக்கா, நோட்டை மூடிவிட்டு அவன் முன்னால் கைகட்டி நின்றாள். இதை என்னிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே என்று அவன் நினைத்தான். நினைக்க நினைக்க, அவள் இன்னும் உயரமாகத் தெரிந்தாள்.

"இந்தப் பாரத்தை என்னக்கா செய்ய?" என்று சட்டைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தான்.

அவள் அதைப் பார்க்கவில்லை. நூலைத் தொங்கவிட்டிருந்த தாங்கியைப் பார்த்தாள். அதன் ஒரு கால் தரையில் பதியாமல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அவனும் பார்த்தான். அப்பாவின் கையெழுத்து இருந்த ஓரத்தை மட்டும் பத்திரமாகக் கிழித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். மீதியை நாலாக மடித்து, குனிந்து, அந்தக் காலுக்குக் கீழே செருகினான். ஆட்டம் நின்றது.

செண்பகவல்லி பின்னலை முதுகுக்குத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். குண்டைக் கையில் எடுத்தாள். அது எவ்வளவு கனம் என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு தூரம் இழுக்கணும்?"

"கொஞ்சம் போதும்க்கா. சாயாம, நேரா விடணும்."

"தப்பா விட்டா சொல்லுவியா?"

"சொல்லுதேன்க்கா."

அவன் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டான். அவள் குண்டை விட்டாள். அது போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. மூன்று வருடத்து முதல் மார்க்கு, கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றது. குண்டு தன் பக்கம் திரும்பி வந்தபோது, மூச்சை இழுத்து, அவள் சொன்னாள்:

"சைபர்."