கீறல் விழாத வில்

வில் செய்யக் கற்றுக்கொள்ளச் சேந்தன் வந்தபோது அவனுக்கு வயது நாற்பத்தாறு. ஆசான் கொற்றிக்கு முப்பத்து நான்கு. அந்த மலையடிவாரத்தில் அவளைவிட நன்றாக வில் செய்கிறவர் இல்லை. அவளைவிடப் பொறுமை குறைந்தவரும் இல்லை.

சேந்தன் முன்பு கோட்டைக் காவலில் இருந்தவன். ஒரு முற்றுகையின்போது மதிலின் மேல் அவன் கையில் வில் முறிந்தது. கையில் இருந்த பாதியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பக்கத்தில் நின்ற தோழன் விழுந்தான். அதே தாக்குதலில் வந்த ஒரு வேல் சேந்தனின் வலத் தோளையும் கெடுத்துவிட்டுப் போனது.

வந்த முதல் நாளே கேட்டான்: "முறியாத மரம் எது, ஆசானே?"

"கதவுக்குத் தாழ் போடுகிறார்களே, அது."

ஆறு ஆண்டுகள் இதையே கேட்டான். பதில்தான் மாறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் "உலக்கை" என்பாள். ஒரு நாள் "உம் தலை" என்பாள்.

மரம் தேர்வதில் அவனைக் குறை சொல்ல முடியாது. வில்லுக்கு ஏற்ற சடச்சி மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே சுழி இருக்கிறதா என்று சொல்வான். கணு, முறுக்கு, கிளை விட்ட தழும்பு எதுவும் அவன் கண்ணுக்குத் தப்பாது. ரம்பத்தால் அறுக்கமாட்டான், ஆப்பு வைத்துப் பிளப்பான். நிழலில் ஓராண்டு காய வைப்பான். கருங்காலி சொல்லாமல் உடையும் என்று அதைத் தொடமாட்டான். மூங்கிலையும் தொடமாட்டான், உள்ளே வெறும் காற்றாம்.

செதுக்க உட்கார்ந்தால் மட்டும் கை நின்றுவிடும். "இன்னும் கொஞ்சம் கனம் இருக்கட்டுமே" என்பான். அவன் செய்த வில்லில் இரண்டு குடம் தண்ணீர் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கலாம். ஆனால் ஒன்றுகூட முறிந்ததில்லை. அந்த நிம்மதியில்தான் அவன் தூங்கினான்.

அந்த மாசியில் ஊர் ஆண்கள் தலைவனோடு வடக்கே போருக்குப் போயிருந்தார்கள். ஆட்டுப்பட்டிக்குச் சிறுத்தை வரத் தொடங்கியது. முதலில் ஆடுகளை எடுத்தது. பிறகு காவலுக்கு நின்ற வெள்ளச்சி என்ற பெண்ணை எடுத்தது.

பட்டியை விட்டால் ஊருக்குச் சோறில்லை. வீட்டுக்கு ஓர் இரவு என்று காவலுக்கு முறை வைத்தார்கள். நான்காம் நாள் சேந்தன் வீட்டு முறை. அவன் தோளால் நாணை இழுக்க முடியாது. மகள் எயினிதான் காவல் பரண் ஏற வேண்டும்.

நண்பகலில் எயினி வில் வாங்கப் பட்டறைக்கு வந்தாள். அவள் கைக்கு அளந்து செய்த புது வில்லைச் சேந்தன் எடுத்துக் கொடுத்தான். அவள் இழுத்தாள். நாண் பாதி தூரம் வந்து நின்றது.

"அதற்கு மேல் வரவில்லை, அப்பா."

"பாதி போதும். இது முறியாது."

கொற்றி நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே போனாள். ஒரு பழைய வில்லைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள்.

"இது யார் செய்தது?"

"நான்தான். போன ஆண்டு வெள்ளச்சிக்குக் கொடுத்தேன்."

"அவள் கிடந்த இடத்தில் கிடந்தது. அவளுடைய தாய் கொடுத்துவிட்டுப் போனாள். நன்றாகப் பாரும். கீறல் ஏதாவது இருக்கிறதா?"

சேந்தன் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இல்லை."

"அம்பும் கிடந்தது. முனையில் நாலு மயிர் ஒட்டியிருந்தது. ரத்தம் இல்லை. பாதி இழுப்பில் போன அம்பு."

 வில்லை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைக்கவும் சேந்தனுக்குக் கை வரவில்லை.

"நீங்கள் செய்தது ஒன்றை இவளுக்குக் கொடுங்கள், ஆசானே."

"நல்லதெல்லாம் வடக்கே போய்விட்டது. இருப்பது ஐந்து. நான் கற்றுக்கொண்ட காலத்தில் செய்தவை, தளர்ந்துபோனவை. அம்பு முற்றத்தைத் தாண்டாது. நீர் செய்ததையே செதுக்கும். பொழுது சாய்வதற்குள் ஆக வேண்டும்."

"செதுக்கினால் முறியும்."

"முறியலாம்."

"இவள் கையில் முறியும். அது எதிரே நிற்கும்போது."

"ஆமாம்."

சேந்தன் எழுந்து நின்றான். குரல் அவனுடையதாக இல்லை. "ஆறு ஆண்டாகக் கேட்கிறேன். இன்றைக்காவது சொல்லுங்கள். முறியாத மரம் எது?"

கொற்றி அவனைவிட்டு எயினியைப் பார்த்தாள்.

"உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா, பெண்ணே?"

எயினி சற்று யோசித்தாள். "முறிந்தால் துண்டு எந்தப் பக்கம் பாயும், அத்தை?"

கொற்றி கையிலிருந்த உளியைக் கீழே வைத்தாள். பகல் வெளிச்சம் இருக்கும்போது அவள் உளியைக் கீழே வைத்துச் சேந்தன் பார்த்ததில்லை.

"மேல் பாதி தலைக்குப் பின்னால் போகும். கீழ்ப் பாதி முழங்காலில் அடிக்கும். நாண் கன்னத்தில் அறையும். சொன்னால் புரியாது, வா."

தன் கட்டிலுக்கு மேலே வரிசையாக மாட்டியிருந்த ஐந்து வில்லையும் அவள் இறக்கினாள். சேந்தனிடம் திரும்பினாள்.

"நீர் சுவரைப் பார்த்து உட்காரும். நாண் இருக்கும் வயிற்றுப் பக்கம் மட்டும் செதுக்கும். முதுகில் உளி படக் கூடாது. எந்தச் சத்தம் கேட்டாலும் திரும்பாதீர். கை தவறினால் இன்னொன்று செய்ய நேரமில்லை."

அவன் உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் முற்றத்தில் அவர்கள் பேசுவது கேட்டது.

"ஒவ்வொன்றின் முதுகிலும் கத்தியால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். மரத்தின் நாரை அறுத்தாயிற்று. இழுக்க இழுக்க முறியும்."

"எத்தனையாவது இழுப்பில்?"

"தெரிந்துவிட்டால் பிறகு என்ன பழக்கம்? அந்த வைக்கோல் கட்டுதான் சிறுத்தை. எய்துகொண்டே இரு. முறிந்ததும் கையில் இருப்பதைப் போடு, இடுப்புக் கத்தியை எடு."

நாண் இழுபடும் ஓசை. அம்பு வைக்கோலில் புதையும் ஓசை. மறுபடி நாண். மறுபடி அம்பு. சேந்தன் ஒரு சுருள் செதுக்கினான். மூன்றாவது நாண் இழுபட்டபோது பட்டென்று முறிந்தது.

மதிலின் மேல் கேட்ட அதே சத்தம். உளி அவன் கையில் அப்படியே நின்றது.

"எங்கே பார்த்தாய்?" கொற்றியின் குரல்.

"வில்லை."

"செத்தாய். அடுத்ததை எடு."

சேந்தன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். செதுக்கினான். இரண்டாவது வில் முதல் இழுப்பிலேயே முறிந்தது. எயினி அலறினாள்.

"ரத்தம் வருகிறது, அத்தை."

"எங்கே?"

"கன்னத்தில்."

"கண் இருக்கிறதல்லவா? கத்தி எங்கே?"

"இடுப்பில்."

"செத்தாய்."

சேந்தனின் கழுத்து பாதி திரும்பிவிட்டது. உளி வழுக்கியது. மயிரிழை தூரத்தில் அதைப் பிடித்து நிறுத்தினான். அதன்பின் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் ஒரு பல்லித் தடத்தைப் பார்த்தபடி செதுக்கினான். மூன்றாவது வில் முறிந்தபோது யாரோ விழும் சத்தம் கேட்டது. அவன் திரும்பவில்லை. "எழுந்திரு" என்றது கொற்றியின் குரல். யாரோ எழுந்தார்கள்.

நான்காவது வில்தான் அவனைக் கொன்றது. அது முறியவில்லை. நாண், அம்பு. நாண், அம்பு. அவன் எண்ணத் தொடங்கினான். ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் தோள் இறுகியது. ஒவ்வொரு அம்புக்கும் தளர்ந்தது. ஒன்பதாவது இழுப்பில், அவன் வாழ்நாளில் முதல்முறையாக, வில்லே முறிந்துவிடு என்று வேண்டிக்கொண்டான்.

முறிந்தது.

"கத்தி?"

"கையில்."

"தாமதம். பாதிச் செத்தாய். கடைசி இது."

ஐந்தாவது வில் முறிந்த சத்தமும் வைக்கோலில் கத்தி இறங்கிய சத்தமும் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்டன. துண்டுகள் தரையில் விழுந்தது அதற்குப் பிறகுதான். இந்த முறை "செத்தாய்" என்ற குரல் வரவில்லை.

சேந்தன் செதுக்கி முடித்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. அவன் மடியில் கிடந்தது அவனுக்கே பழக்கமில்லாத பொருள். அவ்வளவு மெல்லியது. நாண் ஏற்றி மகளிடம் கொடுத்தான். அவள் இடக் கன்னத்தில் நீளமாகத் தோல் உரிந்திருந்தது. ஒரு முழங்கால் வீங்கியிருந்தது.

அவள் இழுத்தாள். நாண் பாதியைக் கடந்தது. காயம்பட்ட கன்னத்தைத் தொட்டது. மரம் மெல்ல முனகியது. அது நல்ல முனகலா, கெட்ட முனகலா என்று சேந்தனுக்குத் தெரியவில்லை. கொற்றியின் முகத்தைப் பார்த்தான். அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

அம்பு வைக்கோல் கட்டைத் துளைத்து அப்பால் மண்சுவரில் போய்ப் புதைந்தது.

எயினி வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கத்தியை உருவி, மறுபடி இடுப்பில் சொருகிப் பார்த்துக்கொண்டாள்.

"வாசலிலேயே நிற்காதீர்கள், அப்பா. போய்ச் சாப்பிடுங்கள்."

அவள் பட்டி இருந்த பக்கம் நடந்தாள். லேசாக நொண்டினாள். மேட்டுக்கு அப்பால் தலை மறையும்வரை அவன் வாசலிலேயே நின்றான்.

கொற்றி முற்றத்தில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அது முறியாதல்லவா, ஆசானே?"

"தெரியாது."

"நீங்களே தெரியாது என்றால் எப்படி?"

"யாரிடம் வேண்டுமானாலும் போய்க் கேளும். தெரியும் என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான்."

"நான் பட்டிக்குப் போய்ப் பரணுக்குக் கீழே நிற்கிறேன்."

"நின்று?"

அவன் தன் வலத் தோளைத் தொட்டுப் பார்த்தான். கையை இறக்கிக்கொண்டான்.

"காலையில் அவள் வராவிட்டால்..."

கொற்றி குனிந்தாள். அடுப்பை ஊதினாள். இருபது ஆண்டு காய்ந்த மரம் சட்டென்று பற்றிக்கொண்டது.

"நாளை முறை யார் வீட்டுக்கு?" என்றாள்.

"குயவன் வீட்டுக்கு. அவனும் போருக்குப் போய்விட்டான். மருமகள்தான் ஏறுவாள்."

"அவள் கை எத்தனை சாண்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"இருட்டுவதற்குள் போய் அளந்துகொண்டு வாரும்."