இன்னொரு ஆட்டம் கேட்ட பெருங்கோடன்

அந்தக் காலத்தில் எறும்புக்குப் பேச வாய் இருந்தது, அதைக் கேட்க யானைக்குப் பொறுமையும் இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. அது போகட்டும்.

தெற்கே, கடலுக்குச் சற்று உள்ளே ஒரு தேரிக்காடு. கண்ணுக்கு எட்டும் வரை செம்மணல். நேற்று மேடாக இருந்த இடம் இன்று பள்ளமாக இருக்கும். இன்று நீங்கள் நிழலுக்கு ஒதுங்கிய பனை அடுத்த வருஷம் கழுத்தளவு மண்ணில் நிற்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் மணலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? மேடுகள் எல்லாம் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் மெல்ல இடம் மாறும். அப்படி மாறும் நாட்களில், ஒரு காட்டின் கதைக்கும் இன்னொரு காட்டின் கதைக்கும் நடுவில் இருக்கும் வேலி மண்ணுக்குள் மறைந்துவிடும்.

வேலி மறைந்ததும், அவரவர் கதையில் பெரிய ஆளாக இருந்தவர்கள் எல்லாம் தேரிக்கு வருவார்கள். கடற்கரைக் கதையிலிருந்து, ஒரு படகையே கவ்வி நிறுத்திய நண்டு வரும். முள்ளுக்காட்டுக் கதையிலிருந்து, ஏழு பாம்புகளை ஒரே பகலில் ஜெயித்த கீரி வரும். தத்தம் கதைக்குள் இருக்கும்வரை நண்டும் கீரியும் பார்த்துக்கொள்ளவே வழியில்லை. இங்கே வந்தால் ஒரே வட்டத்தில் நின்று மோதிப் பார்க்கலாம். நண்டு பெரிதா கீரி பெரிதா என்று வருஷம் முழுக்க வாய்ச்சண்டை போட்டவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மணலில் பனைமட்டையால் ஒரு வட்டம் கீறுவார்கள். இனி முடியாது என்று தோன்றியவர் வட்டத்தைவிட்டு வெளியே வரவேண்டும். வந்தால் தோற்றார். ஒரே ஒரு கட்டுப்பாடு, தோற்றவர் தன் காலால் நடந்து வரவேண்டும். ஆளைத் தூக்கிக்கொண்டு வரும்படி ஆகிவிட்டால் அது ஆட்டமில்லை, அடிதடி. அடித்தவரை அடுத்த வருஷம் சேர்க்கமாட்டார்கள்.

அந்தக் களத்துக்குப் பொறுப்பு சடச்சி என்கிற மண்குளவி. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நாம் சொல்வது அவளுடைய வம்சத்தைப் பற்றித்தான். அவள் கொட்டினால் எந்த உடம்பும் அவள் நினைத்த உருவத்துக்கு வரும். குடிசை அளவு இருந்த நண்டை வட்டத்துக்குள் நிற்கிற அளவுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். எல்லாரையும் ஒரே அளவாக ஆக்கிவிட மாட்டாள். நண்டுக்குக் கொடுக்கின் பிடியை விட்டுவைத்தாள், திரும்பும் வேகத்தைக் குறைத்தாள். கீரிக்கு வேகத்தை விட்டுவைத்தாள், மூச்சைக் குறைத்தாள். வேலையில் கெட்டிக்காரி. வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஒரு வருஷம், ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது, மேற்கு மலையிலிருந்து பெருங்கோடன் வந்தான்.

அவனை யாரும் அழைக்கவில்லை. மலைக்கதைகளில் எல்லாம் பொல்லாதவன் அவன்தான். யானையா என்றால் யானை இல்லை, அவனைக் கண்டால் யானையே வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். பனை உயரத்துக்கு இரண்டு கொம்புகள், வளைந்து, நுனியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். நாலு காட்டுத் தாய்மார்களும் அவன் பேரைச் சொல்லித்தான் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினார்கள்.

அவன் வருவதைப் பார்த்ததும் களம் காலியாகிவிட்டது. ஓடியவர்கள் உடைமரங்களுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவனோ கிட்டே வரவில்லை. தன் நிழல் வட்டத்தின் மேல் விழாத தூரம் எது என்று பார்த்து, அங்கே உட்கார்ந்துகொண்டான்.

சடச்சி பறந்துபோய் அவன் கொம்பில் உட்கார்ந்தாள். "என்னப்பா, வழி தப்பி வந்துட்டியா?"

"இல்லக்கா. நானும் ஆடணும்."

"நீ ஆடினா களம் இருக்குமா? ஏற்கெனவே ஜெயிச்சவன்தானே நீ. இங்க வந்து யாரை ஜெயிக்கப் போற?"

"ஜெயிக்கறதுக்கு வரல." பெருங்கோடன் குரலைத் தாழ்த்திப் பேசினான். தாழ்த்தியும் இரண்டு பனம்பழங்கள் விழுந்தன. "என்கூட மோதினவன் எவனும் திரும்ப எந்திரிச்சதில்ல. இங்க தோத்தவன் எந்திரிச்சு, மண்ணைத் தட்டிட்டு, 'வா, இன்னொரு ஆட்டம்'னு கூப்பிடுறானாமே. மலையில காத்து கொண்டுவந்து சொல்லிச்சு. அதை ஒரு தடவை என்னைப் பார்த்து யாராவது சொல்லணும். அது போதும்."

சடச்சி கொம்பின் அடிக்கும் நுனிக்கும் இரண்டு தடவை நடந்தாள்.

"ஒரு உடம்புல என் கொடுக்கு மூணு தடவைதான் வேலை செய்யும்" என்றாள் பிறகு. "முதல் ரெண்டும் பொழுது சாய்ஞ்சா இறங்கிடும். மூணாவது இறங்கவே இறங்காது. யோசிச்சுக்கோ."

"கொட்டுக்கா" என்றான் அவன்.

முதல் நாள் சடச்சி அவனை அப்படியே சுருக்கினாள். உடம்பு, கொம்பு, குரல், எல்லாம் ஒரே கணக்கில் குறைந்து முயல் அளவுக்கு வந்து நின்றான். பார்க்க என்ன அழகு தெரியுமா! அங்கேதான் வந்தது வினை. குஞ்சுகுளுவான்கள் எல்லாம் ஓடிவந்து கொம்பைப் பிடித்து இழுத்தன. நண்டு ஒரு தட்டுத் தட்டியது, உருண்டு வட்டத்துக்கு வெளியே போய் விழுந்தான். "இவனுக்கா பயந்து நான் அவ்வளவு சோறு தின்னேன்?" என்று ஒரு அணில்பிள்ளை கேட்டது. தாய்மார்களுக்கு அதைவிடக் கோபம். இனி எதைச் சொல்லி ஊட்டுவது?

சிரித்துவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள். பொம்மையோடு யாராவது இரண்டாவது ஆட்டம் கேட்பார்களா? பொழுது சாய்ந்து அவன் உடம்பு பழையபடி மலையாக எழும்பியபோது, அவன் அழுதுகொண்டிருந்தான் என்று தேரியில் சொல்வார்கள். அவன் அழுத இடத்தில் ஒரு சுனை உண்டு.

இரண்டாம் நாள் சடச்சி, "நேத்து உன்னை நான் அசிங்கப்படுத்திட்டேன்" என்று உண்மையாகவே வருந்தினாள். அதனால் உடம்பை மட்டும் சுருக்கி, கொம்பின் பலத்தைத் தொடாமல் விட்டாள். கீரி களத்தில் இறங்கியது. பெருங்கோடன் முன்னால் ஓர் அடி வைத்துக் கொம்பை லேசாகத்தான் அசைத்தான். கீரி காற்றில் பறந்துபோய் ஒரு பனையில் மோதி விழுந்தது. பின்னங்கால் முறிந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அவரவர் மூட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். வட்டத்தின் நடுவில் பெருங்கோடன் தனியாக நின்றான். ஜெயித்தது அவன்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் காற்று இறங்கத் தொடங்கியிருந்தது. காற்று நின்றால் வேலி வந்துவிடும், வேலி வந்தால் கதைக்கு ஒருவராகப் பிரிந்துவிடுவார்கள். சடச்சி அவனிடம் வந்தாள்.

"பேசாம மலைக்குப் போயிடுப்பா. அங்க உனக்குப் பேர் இருக்கு. இன்னைக்குக் கொட்டினா பிறகு திரும்ப முடியாது."

"போய்? அங்க யார் இருக்கா?" என்றான் பெருங்கோடன்.

"சரி. அப்ப கேளு. நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். முந்தாநாள் உன்மேல எல்லாருக்கும் இருந்த பயத்தையே நான் எடுத்துட்டேன், அது தப்பு. நேத்து எதையுமே எடுக்கல, அது அதைவிடத் தப்பு. உன் கொம்பை விட்டுடறேன். கொம்பு இல்லாட்டி நீ நீ இல்ல. ஆனா எதிரே நிக்கிறவங்களுக்குத் தப்பிக்க ஒரு வழி இருக்கணும். ஒரு வழி போதும். அதுக்கு நீ ஒண்ணு தரணும்."

"என்ன தரணும்?"

"முன்னால எடுத்து வைக்கிற அடி."

பெருங்கோடன் தன் கால்களைப் பார்த்தான். அந்தக் கால்கள் முன்னால் வைத்த அடியில்தான் மலையில் பாதை விழுந்தது, ஓடை திரும்பியது, ஊர்கள் காலியாயின. இனி யாரையும் துரத்த முடியாது. யாரிடமும் போகவும் முடியாது. யாராவது தானாக வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

"எடுத்துக்கோ" என்றான்.

சடச்சி கொட்டினாள். அவன் சுருங்கினான், முயலைத் தாண்டி, எலியைத் தாண்டி, நகத்தளவுக்கு. தூசி நிறத்தில் ஒரு சின்ன உடம்பு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாமல் முன்னால் இரண்டு வளைந்த கொம்புகள். எல்லாவற்றையும் குறைத்தவள் பசியைக் குறைக்க மறந்துவிட்டாள் என்பார்கள் சிலர். மறக்கவில்லை, பசியில்லாத பொல்லாதவனுக்கு யார் பயப்படுவார்கள் என்று வேண்டுமென்றே விட்டாள் என்பார்கள் வேறு சிலர். எது உண்மையோ, சடச்சி கடைசிவரை சொல்லவில்லை.

"யாராவது இவன்கூட நிக்கிறீங்களா?" என்று அவள் கூப்பிட்டாள்.

நண்டு மணலைப் பார்த்தது. மற்றவர்கள் மூட்டையைப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. அப்போது கூட்டத்தின் காலடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் நிக்கிறேன்."

பொடிச்சி. தேரியிலேயே பிறந்த சிற்றெறும்பு. ஒவ்வொரு வருஷமும் முதல் ஆட்டத்திலேயே தோற்பாள். ஒவ்வொரு வருஷமும் வருவாள்.

"உனக்கென்னடி பைத்தியமா?" என்றாள் சடச்சி.

"யாராவது நின்னாத்தானே அக்கா ஆட்டம்?" என்று சொல்லிவிட்டுப் பொடிச்சி வட்டத்துக்குள் இறங்கினாள். "வாரும் அண்ணாச்சி."

பெருங்கோடனுக்கு அவளிடம் வரத்தான் ஆசை. கால் வரவில்லை. ஓர் அடி வைத்தான், பின்னால் போயிற்று. இன்னோர் அடி, இன்னும் பின்னால். கோட்டைத் தாண்டிவிடக் கூடாதே என்று வளைந்து வளைந்து பின்னாலேயே சுற்றினான். சுற்றச் சுற்ற மணல் சரிந்தது, அவன் கீழே இறங்கிக்கொண்டே போனான். கொஞ்ச நேரத்தில் அங்கே வட்டமும் இல்லை, கோடும் இல்லை. ஒரு குழி இருந்தது, புனல் மாதிரி வழவழவென்று. அடியில் அவன் மண்ணுக்குள் மறைந்துபோனான். இரண்டு கொம்புகள் மட்டும் வெளியே தெரிந்தன, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு.

பொடிச்சி நின்ற இடம் சரிந்தது. அவள் வழுக்கினாள். காலுக்குக் கீழே அந்தக் கொம்புகளைப் பார்த்ததும், தொட்டில் காலத்தில் கேட்ட பயம் எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. மூட்டையோடு கிளம்பியவர்கள் திரும்பி ஓடிவந்து குழியின் விளிம்பில் நின்றார்கள். அணில்பிள்ளை தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டது.

கொம்புகள் மூடின. பொடிச்சியின் ஒரு கால் சிக்கியது. இழுத்தாள், உதறினாள், புரண்டாள், கால் வழுக்கிக்கொண்டு வந்தது. ஏறினாள். கீழேயிருந்து மண்மழை வந்து விழுந்தது, பாதி வழியில் சரிந்து மறுபடி கொம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். திரும்பவும் ஏறினாள். அவன் முன்னால் ஓர் அடி, ஒரே ஓர் அடி வைத்திருந்தால் அவள் கதை முடிந்திருக்கும். அந்த அடிதான் அவனிடம் இல்லையே. பொடிச்சி விளிம்பைப் பிடித்து, மேலே வந்து, தன் ஆறு காலாலும் நடந்து வெளியே நின்றாள்.

கூட்டம் அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டது.

"வெளியே வந்துட்ட" என்றாள் சடச்சி. "சட்டப்படி நீ தோத்தவ."

பொடிச்சிக்கு வந்ததே கோபம்! "தோத்தேனா? பெருங்கோடன் கொம்புல இருந்து தப்பி வந்திருக்கேன், நான் தோத்தவளா? எந்த ஊர் நியாயம் இது?" உடம்பில் ஒட்டியிருந்த மண்ணை மீசையால் தட்டிவிட்டாள். திரும்பி, குழிக்குள் எட்டிப் பார்த்துக் கத்தினாள். "அண்ணாச்சி! இன்னொரு ஆட்டம்!"

எதைக் கேட்க மலையிலிருந்து வந்தானோ அதைப் பெருங்கோடன் கேட்டுவிட்டான். பதிலுக்கு, கொம்பால் ஒரு பிடி மண்ணை வாரி அவள் பக்கமாக மேலே வீசினான். பொடிச்சி சிரித்துக்கொண்டே மறுபடி இறங்கினாள்.

எத்தனை ஆட்டம் நடந்தது, யார் ஜெயித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. காற்று நின்றுவிட்டது, வேலி வந்துவிட்டது. நண்டு கடலுக்கும், கீரி நொண்டிக்கொண்டு முள்ளுக்காட்டுக்கும் போய்விட்டன. தேரியில் பிறந்தவள் என்பதால் பொடிச்சியும், மலைக்கு நடக்க முன்னடி இல்லாததால் பெருங்கோடனும் அங்கேயே இருந்தார்கள். பொடிச்சியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அந்தக் குழிக்குள் இறங்குகிறார்கள். சிலர் நடந்து வெளியே வருகிறார்கள். சிலர் வருவதில்லை. பசி என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்ய.

அந்த ஆடிக் கடைசியிலிருந்துதான், குழியானை என்று நாம் பேர் வைத்திருக்கும் அந்தச் சின்னப் பூச்சி முன்னால் ஓர் அடியும் வைக்காமல் பின்னாலேயே நடக்கிறது. காய்ந்த மணலில் வட்டமாகக் குழி பறித்து, கொம்பை மட்டும் வெளியே விட்டுக் காத்திருக்கிறது. தப்பி ஏறுகிற எறும்பின் மேல் அது மண்ணை வாரி வீசும்போது, கோபத்தில் வீசுகிறது என்று நினைக்கிறோம். கோபமில்லை. அதற்குப் பேசத் தெரிந்த காலத்தில் கேட்டதையே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. போகாதே, இன்னொரு ஆட்டம்.